அத்தியாயம் 6: மரம் பாட வேண்டும், இரும்பு நிற்க வேண்டும்

உயர்தர மேப்பிள் ட்ரம் கிட்டைத் தேர்ந்தெடுப்பது

பல வருஷங்களுக்கு முன்பு ஒரு கடையில் இரண்டு மேப்பிள் கிட்களை அடுத்தடுத்து வாசித்துப் பார்த்தேன். ஒன்று கணீரென்று எழுந்து நீளமாக ஒலித்தது. மற்றொன்று நெல் மூட்டையைத் தட்டினாற்போல் அடங்கிக் கிடந்தது. விலை ஏறக்குறைய ஒன்றுதான். ‘மரம்னா இதுதான் மரம்’ என்று முதல் கிட்டுக்குப் பணம் கட்டிவிட்டேன். ஆறு மாதம் கழித்து ஹெட் (குச்சி படும் பிளாஸ்டிக் தோல்) மாற்றக் கழற்றியபோதுதான் உறைத்தது. என் கிட்டில் இருந்தது ஒற்றைப் படல ஹெட். நான் ஒதுக்கிவிட்டு வந்த கிட்டில் இருந்தது இரண்டு படலத்துக்கு நடுவே எண்ணெய் வைத்த ஹெட். அரை மணி நேரம் பிளாஸ்டிக்கை ஒப்பிட்டுவிட்டு, மரத்தை ஒப்பிட்டதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதே கிட் இன்னொரு பாடமும் நடத்தியது. ஒரு கல்யாண வரவேற்புக் கச்சேரி. வேகமான பாட்டு. இரண்டாவது சரணத்தில் ஃப்ளோர் டாமின் ஒரு கால் பிடியிலிருந்து நழுவ ஆரம்பித்தது. பாட்டு முடிந்தபோது டாம் என் முழங்காலில் சாய்ந்திருந்தது. ஒலியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கால்தான் நிற்கவில்லை.

உயர்தர விலைக்கு வரும் கிட்களில் மட்டமான மரம் அநேகமாகக் கிடையாது. ‘எந்தக் கம்பெனி மேப்பிள் உசத்தி’ என்று மாதக்கணக்கில் அலைவது வீண். இரண்டே கேள்விகளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். இந்த ட்ரம் எவ்வளவு கீழே இறங்கியும் எவ்வளவு மேலே ஏறியும் பாடுகிறது? இரண்டு மணி நேரம் அடி வாங்கினாலும் இதில் எதுவும் அசையாமல் நிற்குமா? மற்றதெல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

மேப்பிளுக்கு ஏன் இத்தனை மவுசு

மிருதங்கக் கட்டை பலா மரத்தை ஒரே துண்டாகக் கடைந்து எடுப்பது. ட்ரம் ஷெல் பெரும்பாலும் அப்படியில்லை. மெல்லிய மரத்தாள்களைப் பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக வளைத்து, அச்சில் வைத்து அழுத்தி ஒட்டியது. அந்தத் தாள்களுக்கு வட அமெரிக்காவில் குளிர்ப் பகுதியில் மெதுவாக வளரும் மேப்பிள் நன்றாகப் பொருந்துகிறது. கனமானது, கெட்டியானது, ரேகை நெருக்கமானது. வளைத்தால் பிளக்காது, வார்னிஷும் அழகாக ஏறும்.

எல்லாக் காலத்திலும் இதுவே ராஜாவாக இருந்ததில்லை. 1960களில் ரிங்கோ ஸ்டார் வாசித்த லட்விக் கிட்டின் ஷெல்லில் மஹோகனி, பாப்ளர், மேப்பிள் மூன்றும் கலந்திருந்தன. 1970களில் யமஹா கொண்டுவந்த ரெக்கார்டிங் கஸ்டம் வரிசை பிர்ச் மரத்தில் செய்யப்பட்டது. அடி பட்டவுடன் ‘டக்’கென்று எழுந்து சீக்கிரம் அடங்கும் அந்த ஒலி ஸ்டூடியோக்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. மேப்பிள் அந்த அளவுக்குப் பிடிவாதமான குரல் கொண்டதில்லை. கீழ், நடு, மேல் ஸ்தாயிகளைக் கிட்டத்தட்ட ஒரே சீராகத் தருகிறது. நீங்கள் எந்தப் பக்கம் இழுக்கிறீர்களோ அந்தப் பக்கம் வரும். காலையில் சர்ச், மாலையில் மெல்லிசைக் கச்சேரி, நடுவில் ஒரு ஸ்டூடியோ என்று ஓடுகிற ட்ரம்மருக்கு இந்தக் குணம்தான் வேண்டும். அப்படி இழுத்தால் வராத மேப்பிள் கிட் கையில் கிடைத்தால், அதற்கு உயர்ந்த விலை கொடுப்பதில் அர்த்தமில்லை.

ஷெல்: மெல்லியதா, தடித்ததா

விளம்பரத் தாளில் முதலில் கண்ணில் படுவது ‘6 பிளை’, ‘8 பிளை’ என்ற எண். பிளை என்பது தாள்களின் எண்ணிக்கை மட்டும்தான். மெல்லிய தாள் எட்டு, தடித்த தாள் ஆறைவிட ஒல்லியாகவும் இருக்கலாம். கேட்க வேண்டியது மொத்தத் தடிமன், அதுவும் மில்லிமீட்டரில்.

5 மி.மீ. அளவில் உள்ள மெல்லிய ஷெல் எளிதில் அதிரும். அதன் அடிப்படைச் சுருதி கீழே இருக்கும். மெதுவாகத் தட்டினாலும் வாய் திறக்கும். மைக் வைத்து வாசிக்கும் இடங்களுக்கு இது மிகவும் ஏற்றது. 8 மி.மீ.க்கு மேல் போகிற தடித்த ஷெல் சுலபத்தில் அதிராது. அடியின் சக்தியை அவ்வளவாக உறிஞ்சாமல் வெளியே தள்ளும். சுருதி மேலே, ஒலி முன்னே. மைக் இல்லாத பெரிய மண்டபத்தில் இதற்குத்தான் மரியாதை. உள்பக்கம் மேலும் கீழும் மர வளையம் ஒட்டிய ஷெல்களும் உண்டு. மெல்லிய ஷெல் கோணாமல் வட்டமாக நிற்பதற்கான பழைய ஏற்பாடு அது. அதோடு நடுப்பகுதி ஒலியைக் கொஞ்சம் குவிக்கவும் செய்யும்.

கடையில் இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஹெட் கழற்றிய ஷெல்லை விளிம்பில் இரண்டு விரலால் தொங்கவிட்டு, முஷ்டியால் மெல்லத் தட்டுங்கள். அதற்கென்று ஒரு சுருதி கேட்கும். 10, 12, 14, 16 அங்குலம் என்று வரிசையாகத் தட்டிப் பாருங்கள். ஒழுங்காகப் படியிறங்கி வந்தால் அந்த ஷெல்களை யாரோ காது கொடுத்துத் தேர்ந்து சேர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டி.டபிள்யூ. கம்பெனி இதை ஒரு கொள்கையாகவே வைத்து, ஷெல்லின் சுருதியை உள்ளே குறித்து அனுப்புவதுண்டு. நடுவில் ஒரு ட்ரம் மட்டும் படி தவறி ஒலித்தால், டியூன் செய்யும்போது ஒவ்வொரு முறையும் அதனோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

விளிம்பு: யாரும் பார்க்காத இடம்

ஹெட் ஷெல்லைத் தொடுவது மேல் விளிம்பில், ஒரு கோடு அளவுக்கு மட்டும். அதுதான் பேரிங் எட்ஜ். நீங்கள் கொடுக்கிற பணத்தில் பெரும் பங்கு இந்தக் கோட்டுக்குத்தான் என்று சொன்னால் மிகையில்லை. 45 டிகிரியில் கூராக வெட்டிய விளிம்பில் ஹெட் படும் இடம் மிகக் குறைவு. ஒலி பளிச்சென்று எழும், நீளமாக நிற்கும். விளிம்பு உருண்டையாகவோ 30 டிகிரிச் சரிவிலோ இருந்தால் ஹெட் அதிக மரத்தில் படியும். ஒலி வெதுவெதுப்பாகும், சீக்கிரம் முடியும். பழைய ஜாஸ் ரெக்கார்டுகளில் கேட்கிற அந்தக் குணம் வேண்டுமென்றால் இரண்டாவது வகையைத் தேடுங்கள்.

வெட்டு எதுவானாலும் அது மட்டமாக இருக்க வேண்டும். பார்ப்பது இப்படி:

1. ஹெட், அதைப் பிடிக்கும் ஹூப் இரண்டையும் கழற்றச் சொல்லுங்கள். தயங்குகிற கடையில் இவ்வளவு பணத்துக்குப் பொருள் வாங்க வேண்டாம்.
2. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியை விளிம்பில் ஒரு சுற்று ஓட்டுங்கள். பள்ளம், செதில், மேடு இருந்தால் கண்ணைவிட விரலுக்கு முதலில் தெரியும்.
3. ஷெல்லைத் தடித்த கண்ணாடி மேசையிலோ கிரானைட் பலகையிலோ கவிழ்த்து வையுங்கள். உள்ளே செல்போன் டார்ச்சைப் போட்டு, மேலே ஒரு துணியை மூடி, விளிம்பும் பலகையும் சேரும் கோட்டைச் சுற்றிலும் குனிந்து பாருங்கள். ஒளி கசியும் இடமே பள்ளம். அங்கே ஒரு காகிதத் துண்டு தடையில்லாமல் நுழைந்தால் அந்த ட்ரம்மைத் திருப்பிக் கொடுங்கள்.
4. டேப் வைத்து விட்டத்தை மூன்று திசையில் அளவெடுங்கள். 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஷெல் வட்டமாக இல்லை. ஹெட்டைப் போட்டால் சிரமமில்லாமல் உட்கார்ந்து, விரலால் தள்ளினால் சுற்ற வேண்டும். இறுக்கிப் பிடித்தால் நல்ல டியூனிங்கை மறந்துவிடலாம்.

ஓர் எச்சரிக்கை. ஸ்னேர் ட்ரம்மின் அடி விளிம்பில் எதிரெதிராக இரண்டு இடத்தில் தாழ்வு இருக்கும். கம்பிகள் ஹெட்டோடு ஒட்டிப் படுவதற்காக வேண்டுமென்றே இழைத்த தாழ்வு அது. அதைக் குறை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலில் நானும் ஒருத்தன்.

ஹூப், லக்

ஹெட்டை இழுத்துப் பிடிக்கும் வளையம் ஹூப். தகட்டை மூன்று மடிப்பாக வளைத்துச் செய்த ஹூப் சற்று நெகிழும். ஒலியைத் திறந்துவிடும். நல்ல கிட்டில் அதன் தகடு 2.3 மி.மீ. இருக்கும், மலிவானதில் 1.6 மி.மீ. என்று மெலியும். அச்சில் உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்த டை-காஸ்ட் ஹூப் வளையாது. ஒரு பக்கம் இறுக்கினால் மறுபக்கமும் சேர்ந்து இறங்கும், அதனால் டியூனிங் சீக்கிரம் சமமாகும். ஹெட்டையும் ஹூப்பையும் சேர்த்து அடிக்கும் ரிம் ஷாட் கல்லில் பட்டதுபோல் தெறிக்கும். நீளும் ஒலி கொஞ்சம் குறையும், எடை கூடும்.

லக் என்பது ஹூப்பை ஷெல்லோடு இழுத்துக் கட்டுகிற திருகுக்கு, அதாவது டென்ஷன் ராடுக்கு, ஷெல்லில் பதித்த பிடி. லக் கூடினால் டியூனிங் நுணுக்கமாகும். கூடவே மரத்தில் ஏறும் இரும்பும் கூடும். உயர்தரக் கிட்களில் சின்ன லக், ரப்பர் வாஷர் என்று மெனக்கெடுவது இதனால்தான். ட்ரம் கீயை எடுத்து ஒவ்வொரு டென்ஷன் ராடையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்க வேண்டும். கரகரத்தால் திருகு மரையில் கோளாறு. உதிரியாக ராட் வாங்கும்போதும் கவனம் வேண்டும். எல்லாக் கம்பெனியின் மரையும் ஒன்றல்ல. டி.டபிள்யூ.வின் ட்ரூ பிட்ச் ராடில் மரை மற்றவற்றைவிட நெருக்கமானது. டியூனிங் நுணுக்கமாகக் கிடைக்கும், ஆனால் மேடையில் ஒன்று தொலைந்தால் பக்கத்து ட்ரம்மரிடம் கடன் வாங்க முடியாது.

காதால் சோதிப்பது

கடைக்குப் போகும் முன் 12 அங்குல ஹெட் இரண்டு வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று. ரெமோ அம்பாசடர் அல்லது எவான்ஸ் ஜி1 போதும். இரண்டுமே 10 மில், அதாவது கால் மில்லிமீட்டர் தடிமன் கொண்ட ஒற்றைப் படலம். நீங்கள் யோசிக்கும் ஒவ்வொரு கிட்டின் 12 அங்குல டாமிலும் இதே ஜோடியை மாட்டிக் கேளுங்கள். என் முதல் தவறுக்கு மருந்து இது ஒன்றுதான். செலவு கிட் விலையில் ஒரு துளி.

சென்ற வருஷம் என்னிடம் படிக்கும் ஒரு பையனை அழைத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தேன். ஹெட் மாட்டியதும் எல்லா ராடையும் விரலால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு திருகச் சொன்னேன். பிறகு எதிரெதிர் ராடாகப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று. தட்டினான். கீழே, ஆழமாக, தெளிவாக ஒரு சுருதி வந்தது.

“அண்ணே, நல்லாத்தானே இருக்கு? இதையே எடுத்துக்கலாமா?”

“இப்ப நல்லாருக்கு தம்பி. இன்னும் கால் சுற்று ஏத்து பாக்கலாம்.”

ஏற்றினான். சுருதி உயர்ந்தது, நீளமும் கூடியது. இன்னொரு கால் சுற்று. இன்னொன்று. இப்படியே ஏற்றிக்கொண்டே போய், விரலால் இறுக்கிய இடத்திலிருந்து ஒன்றரைச் சுற்றைத் தாண்டியபோது ஒலி ஒல்லியாகி, தகர டப்பா சத்தம் எட்டிப் பார்த்தது. அந்த எண்ணிக்கையை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டோம். அடுத்த கிட்டில் அதே ஹெட், அதே கணக்கு. அங்கே முக்கால் சுற்றிலேயே மூச்சு நின்றுவிட்டது. முதலில் கேட்டபோது இரண்டாவது கிட்தான் அவனுக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்தது முதலாவது.

சாதாரண மரையில் ராட் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் ஹூப் சுமார் 1 மி.மீ. இறங்கும். அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் எத்தனை குரல் இருக்கிறது என்பதுதான் சோதனை. விளிம்பு சரியில்லாத ட்ரம் ஒரே ஒரு இடத்தில் மட்டும் அழகாக ஒலிக்கும். அந்த இடத்தில் டியூன் செய்து வைக்கக் கடைக்காரருக்குத் தெரியும்.

இதற்குப் பிறகு மூன்று சின்னச் சோதனைகள். ஒன்று, குச்சியை ஓர் அங்குல உயரத்திலிருந்து தானாக விழ விடுங்கள். அந்தச் சின்ன அடிக்கும் முழுச் சுருதி வர வேண்டும். இரண்டு, நண்பரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் இருபது அடி தள்ளி நில்லுங்கள். ட்ரம்மருக்குக் கேட்பதும் கூட்டத்துக்குக் கேட்பதும் ஒன்றல்ல. ஸ்டூலில் உட்கார்ந்தால் கேட்கிற ரீங்காரத்தில் பாதி அங்கே வந்து சேராது. மூன்று, எல்லா டாம்களையும் மேலிருந்து கீழாக உருட்டுங்கள். ஒரே குடும்பத்துக் குரலாகக் கேட்கிறதா என்று பாருங்கள்.

தொங்கும் டாமின் கதி

டாமை ஹூப்பில் விரலால் தூக்கிப் பிடித்துத் தட்டுங்கள். எத்தனை நேரம் ஒலிக்கிறது என்று மனசுக்குள் எண்ணுங்கள். இப்போது அதை அதன் ஸ்டாண்டில் மாட்டித் தட்டி மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தால் மவுண்ட் ஷெல்லின் கழுத்தைப் பிடிக்கிறது என்று அர்த்தம்.

பழைய முறையில் ஷெல்லில் பெரிய துளை போட்டு, இரும்புக் குழாயை உள்ளேயே செருகினார்கள். கேரி காகர் என்ற அமெரிக்கர் உருவாக்கிய ரிம்ஸ் மவுண்ட், டாமை அதன் டென்ஷன் ராடுகளிலிருந்து தொங்கவிட்டு ஷெல்லை விடுவித்தது. இன்று ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி வழி. யமஹாவின் யெஸ் மவுண்ட் ஷெல் குறைவாக அதிரும் இடமாகப் பார்த்துச் சிறிதளவே தொடுகிறது. டாமாவின் ஸ்டார்-காஸ்ட் ஹூப் பக்கத்தில் பிடிக்கிறது. பேர்லின் ஆப்டிமவுண்ட் மேல், கீழ் இரண்டு பக்க ராடுகளையும் பற்றிக்கொள்கிறது. எல்லாமே வேலை செய்பவைதான். ஆனால் தொங்கும் டாம் ஊஞ்சலாடக் கூடாது. ஓர் அடி அடித்துவிட்டுப் பாருங்கள். அடுத்த அடி விழுவதற்குள் ஆட்டம் நிற்க வேண்டும். ஹெட் மாற்றுவதற்கு மவுண்ட்டையே கழற்ற வேண்டியிருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். கச்சேரி இடைவேளையில் ஹெட் கிழிந்தால் அந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

ஃப்ளோர் டாமுக்கும் இதே சோதனை. காலில் நிறுத்தித் தட்டுங்கள், பிறகு தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கித் தட்டுங்கள். வித்தியாசம் அதிகமாக இருந்தால் காலின் ரப்பர் நுனிதான் காரணம். உள்ளே காற்றிடம் விட்ட ரப்பர் நுனி போட்டாலே பாதி சரியாகும். பிறகு காலின் பிடியை இறுக்கிவிட்டு, இரண்டு கையாலும் ட்ரம்மைத் தரையை நோக்கி அழுத்துங்கள். கொஞ்சம் நழுவினாலும் அது மேடையில் நிறையவே நழுவும். என் முழங்கால் சாட்சி.

ஸ்டாண்ட், பெடல், ஸ்பர்

உயர்தரக் கிட் பெரும்பாலும் ‘ஷெல் பேக்’ என்றுதான் விற்கப்படும். டாம்கள், பேஸ் ட்ரம், அவற்றை மாட்டும் பிடிகள் வரும். சிம்பல் ஸ்டாண்ட், ஹை-ஹாட் ஸ்டாண்ட், பெடல், ஸ்டூல், பல சமயம் ஸ்னேர்கூட வராது. விலைச்சீட்டைப் பார்த்துச் சந்தோஷப்படும் முன் எது உண்டு, எது இல்லை என்று எழுதி வாங்குங்கள்.

ஸ்டாண்டில் பார்க்க வேண்டியவை: கால்கள் இரட்டைத் தகடா, ஒற்றைத் தகடா. உயரம் நிறுத்தும் மூட்டில் பிளாஸ்டிக் உள்ளுறை இருக்கிறதா, இரும்பும் இரும்பும் உரசுகிறதா. சாய்வை நிறுத்தும் மூட்டு பல்சக்கரமா, வழுவழுப்பான பிடியா. பல்சக்கரம் நழுவாது, ஆனால் சாய்வு படிப்படியாகத்தான் மாறும். மற்றது எந்தக் கோணத்திலும் நிற்கும், ஆனால் இறுக்கம் நன்றாக இருந்தாக வேண்டும். போன முறை வைத்த இடத்தைக் குறித்து வைக்கும் மெமரி லாக் எல்லா மூட்டிலும் இருக்கட்டும். அடுத்த ஊரில் அரை மணி நேரத்தில் கிட் ஏற்ற வேண்டியவருக்கு அது தெய்வம்.

எடையையும் நினைத்துப் பாருங்கள். இரட்டைக் கால் பூம் ஸ்டாண்ட் ஒன்று 4 கிலோ அளவுக்கு வரும். நான்கு ஸ்டாண்ட், ஹை-ஹாட், பெடல் என்று பைக்குள் போனால் 25 கிலோவை நெருங்கும். மாடிப்படி ஏற்றுவது நீங்கள்தான். கனத்த சிம்பல் போடாதவருக்கு ஒற்றைக் கால் ஸ்டாண்டே தாராளம்.

டாம் பிடிக்கும் எல் வடிவ ராடு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. 9.5 மி.மீ., 10.5 மி.மீ. என்று பல தடிமன் உண்டு. பழைய ஸ்டாண்டை வைத்துக்கொண்டு புது ஷெல் மட்டும் வாங்குகிறவர்கள் இந்த ஒரு மில்லிமீட்டரில்தான் மாட்டிக்கொள்வார்கள். பழைய ராடைக் கையோடு எடுத்துப் போய்ச் செருகிப் பாருங்கள்.

பேஸ் ட்ரம்மின் முன்கால் ஸ்பர். ஊசி நுனி, ரப்பர் நுனி இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டும். வழவழப்பான டைல்ஸ் மேடையில் ஊசி சறுக்கும், கம்பளத்தில் ரப்பர் சறுக்கும். பெடலை மாட்டி ஐந்து நிமிஷம் பலமாக மிதியுங்கள். பேஸ் ட்ரம் ஓர் அங்குலம் முன்னால் ஊர்ந்திருந்தால் ஸ்பர் கோணம் சரியில்லை. பேஸ் ட்ரம் ஹூப்பும் மரம்தான் என்பதை மறக்க வேண்டாம். பெடல் கவ்வும் இடத்தில் ரப்பர் பட்டை இல்லாவிட்டால் ஒரே வருஷத்தில் அந்த இடம் கடித்த கரும்பாகிவிடும்.

அளவு

12, 14 அங்குல டாம்கள், 18 அங்குல பேஸ் ட்ரம் என்பது சிறிய ஜாஸ் குழுவுக்கான பழைய கூட்டு. 10, 12, 14 டாம்களோடு 20 அல்லது 22 அங்குல பேஸ் ட்ரம் என்றால் சினிமாப் பாட்டு, சர்ச், ஸ்டூடியோ எல்லாவற்றுக்கும் ஓடும். 12, 16, 22 ராக் பக்கம் சாயும். பேஸ் ட்ரம்மில் ஆழத்துக்கு ஆசைப்படாதீர்கள். 18 அங்குல ஆழத்தில் ஒலி கனமாக வரும், ஆனால் கால் அடிக்குப் பதில் வருவது கொஞ்சம் தாமதமாகத் தெரியும். 14 அல்லது 16 அங்குல ஆழம் காலுக்குச் சுறுசுறுப்பு, வண்டியில் ஏற்றவும் லேசு. ஆர்டர் எழுதும்போது ஒரு சிக்கல் உண்டு. சில கம்பெனிகள் விட்டத்தை முதலில் எழுதும், சில ஆழத்தை முதலில் எழுதும். ‘விட்டம் இவ்வளவு, ஆழம் இவ்வளவு’ என்று வார்த்தையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பேஸ் ட்ரம் ஷெல்லின் மேல்பக்கத்தில் டாம் மாட்டத் துளையிடாத வகையும் கிடைக்கும். ஒலிக்கு நல்லது. ஆனால் டாமுக்குத் தனி ஸ்டாண்ட் வாங்க வேண்டும், அந்தச் செலவைக் கணக்கில் சேருங்கள்.

கம்பெனிகளின் குணம்

கிரெட்ஷ் யூ.எஸ்.ஏ. கஸ்டம்: மேப்பிளும் கம் மரமும் கலந்த 6 பிளை, 30 டிகிரி விளிம்பு, டை-காஸ்ட் ஹூப், ஷெல்லின் உள்ளே வெள்ளிப் பூச்சு. ஒலி நீண்டு பரவாது, குவிந்து நிற்கும். ஜாஸ்காரர்களின் பழைய காதல்.

லட்விக் கிளாசிக் மேப்பிள்: வட கரோலினாவில் உள்ள மன்ரோவில் தயாராகிறது. 7 பிளை, திறந்த ஒலி. இதன் உறவுக்காரியான லெகசி மேப்பிளில் நடுவே பாப்ளர், உள்ளே வளையம், பழங்காலத்து வெதுவெதுப்பு.

டி.டபிள்யூ. கலெக்டர்ஸ்: 1972-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கம்பெனி, 2022-ல் ரோலண்ட் வசம் போனது. தாள்களின் ரேகையை நேராக, குறுக்காக, சாய்வாக மாற்றி அடுக்கிச் சுருதியைக் கூட்டிக் குறைக்கிறார்கள். தேர்வுகள் ஏராளம், அதனால் குழப்பமும் ஏராளம்.

யமஹா ஆப்சல்யூட் ஹைப்ரிட் மேப்பிள்: மேப்பிளுக்கு நடுவே வெங்கே என்ற கெட்டி மரம். ஒலி முன்னே தள்ளும், மவுண்ட்டும் பிடிகளும் நம்பகமானவை.

டாமா ஸ்டார்கிளாசிக் மேப்பிள்: மெல்லிய ஷெல்லோடு டை-காஸ்ட் ஹூப். ஒன்று திறக்க, மற்றொன்று கட்டுப்படுத்த, இரண்டும் சமன் ஆகின்றன.

சோனர் எஸ்க்யூ2: 1875-ல் தொடங்கிய ஜெர்மன் கம்பெனியின் சொல்லிச் செய்யும் வரிசை. ஷெல் தடிமனை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஷெல்லைச் சற்றுச் சிறிய விட்டத்தில் செய்வதால் ஹெட் மிதந்து உட்காரும்.

இவற்றில் தோற்ற குதிரை எதுவுமில்லை. உங்கள் பாட்டுக்கு எது, உங்கள் வண்டிக்கு எது என்பதே மிச்சமுள்ள கேள்வி.

கடற்கரை ஊரில் வைத்துக்கொள்வது

மரம் ஈரத்தைக் குடிக்கும், உலரும்போது கக்கும். ஷெல்லின் வெளிப்பக்கம் பூச்சு காக்கும். வெட்டுப்பட்ட விளிம்பு பல கிட்களில் பச்சை மரமாகவே இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை ஹெட் மாற்றும்போது அதில் மெல்ல மெழுகு தேய்த்துவிடுங்கள். ஏ.சி. ஸ்டூடியோவிலிருந்து எடுத்த ட்ரம்மை நேரே மே மாத வெயிலில் நிற்கும் வேனில் ஏற்றாதீர்கள். பையோடு அரை மணி நேரம் நிழலில் வைத்துப் பிறகு ஏற்றுங்கள். சென்னை, தூத்துக்குடி, நாகர்கோவில் போன்ற ஊர்களில் உப்புக் காற்று குரோமில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்க வைக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஹூப்பையும் லக்கையும் துடைப்பது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை டென்ஷன் ராடுக்கு ஒரு சொட்டு எண்ணெய், இவ்வளவுதான் வைத்தியம்.

பழைய கிட் வாங்குகிறவர்கள் மேலே சொன்ன எல்லாச் சோதனைகளோடு இன்னும் இரண்டைச் சேர்க்கவும். ஷெல்லின் உள்ளே யாரோ பிறகு போட்ட துளைகள் இருக்கின்றனவா? விளிம்பை யாராவது மறுபடி இழைத்திருக்கிறார்களா? திறமையான கை இழைத்திருந்தால் அது லாபம். உப்புத்தாள் வைத்துத் தேய்த்திருந்தால் நஷ்டம். டார்ச் சோதனை இரண்டையும் காட்டிக் கொடுக்கும்.

பணத்தைப் பிரிப்பது

கையில் நூறு ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஷெல் பேக்குக்கு 55, ஸ்டாண்டுகளுக்கும் ஸ்டூலுக்கும் 20, பெடலுக்கு 10, ஹெட்களுக்கு 5, பைகளுக்கு 10. சிம்பலுக்கும் ஸ்னேருக்கும் தனிப் பணம். பலர் ஷெல்லுக்கே 90 கொடுத்துவிட்டு, மிச்சத்தில் ஆடும் ஸ்டாண்ட் வாங்குகிறார்கள். பாட்டு நடுவே சிம்பல் சாயும்போது மேப்பிளின் மெல்லிய குணங்களை ரசிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

கடைக்குக் கொண்டுபோக வேண்டியவை: 12 அங்குல ஹெட் இரண்டு, ட்ரம் கீ, அளவு டேப், டார்ச், பழைய எல்-ராடு, வாசிக்கத் தெரிந்த ஒரு நண்பர், சுற்றுகளைக் குறிக்க ஒரு காகிதம். பணத்தை முதல் நாள் கொண்டுபோக வேண்டாம். குறித்த காகிதத்தோடு வீட்டுக்கு வந்து ஓர் இரவு தூங்கி எழுங்கள். மறுநாள் காலையில் கிட்டின் நிறம் மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கிறது என்றால் இன்னொரு முறை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.